சட்டம் யாரோட கையைப் பிடிக்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கி, திருத்தி வெளியிடுகிறோம்.)

எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் போன மாசம் அபிராமபுரத்துல வாடகைக்கு வீடு தேடினாங்க. ரெண்டு பேருக்கும் நல்ல வேலை, அட்வான்ஸ் கையில ரெடி. மூணாவதா பார்த்த வீடு ரெண்டு பேருக்குமே பிடிச்சுப் போச்சு. ஹவுஸ் ஓனர் அம்மா உட்கார வெச்சு காபி கொடுத்து, சாதாரணமா பேசிட்டே இருந்தவங்க, "கல்யாணம் ஆகி எவ்ளோ நாளாச்சும்மா?"ன்னு கேட்டாங்க. "இன்னும் ஆகலை ஆன்ட்டி." அவ்ளோதான். அஞ்சு நிமிஷத்துல அந்த வீடு "ஏற்கெனவே ஒருத்தருக்குச் சொல்லிட்டோமே" ஆயிடுச்சு.

அந்த அம்மா மேல எனக்குக் கோபம் இல்லை. அது அவங்க வீடு, அவங்க மாடி. ஆனா அன்னைக்கு ராத்திரி அந்தப் பொண்ணு எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தா: "ஓனர் முடியாதுன்னு சொன்னா அடுத்த வீட்டைப் பார்க்கலாம். கவர்மென்டே முடியாதுன்னு சொன்னா எங்க போறது? உத்தராகண்ட் மாதிரி இங்கயும் சட்டம் வந்தா?"

அந்தக் கேள்விதான் இந்த எபிசோட். எது ஒழுக்கம், எது இல்லைன்னு ஊரே ரெண்டா பிரிஞ்சு நிக்கிற விஷயத்துல அரசாங்கம் சட்டம் போடலாமா?

இதுக்குப் பதில் தேட டெல்லிக்குப் போக வேண்டாம். நாம இருக்கிற இந்த ஏரியாவைச் சுத்தியே கிட்டத்தட்ட நூறு வருஷமா இதே சண்டை நடந்திருக்கு. அதுல மூணு சட்டத்தை எடுத்துக்கலாம். மூணும் தமிழ்நாட்டுச் சட்டம், மூணுமே ஒழுக்கத்தைப் பத்தினது, மூணும் வேற வேற மாதிரி முடிஞ்சது.

"அரசாங்கம் தலையிடவே கூடாது"ன்னு சொல்லிட முடியுமா?

நம்ம வயசுக்காரங்க சட்டுன்னு சொல்ற பதில் இதுதான்: "யார் எப்படி வாழ்ந்தா உங்களுக்கு என்ன? அரசாங்கம் ரோடு போடட்டும், தண்ணி விடட்டும்." நானும் ரொம்ப நாள் இப்படித்தான் பேசிட்டிருந்தேன்.

இந்தப் பதிலுக்கு ஒரு பெரிய பரம்பரையே இருக்கு. 1859-ல ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதின 'ஆன் லிபர்ட்டி'யோட சாரம் இது: ஒருத்தர் செய்றது இன்னொருத்தருக்குத் தீங்கு பண்ணினாத்தான் அவரைத் தடுக்க அரசாங்கத்துக்கு உரிமை உண்டு. நூறு வருஷம் கழிச்சு இங்கிலாந்துல இதே விவாதம் திரும்ப வந்தது. தன்பாலின உறவைக் குற்றப் பட்டியல்ல இருந்து எடுத்துடலாம்னு 1957-ல வுல்ஃபெண்டன் குழு பரிந்துரை பண்ணுச்சு. டெவ்லின்னு ஒரு நீதிபதி அதை எதிர்த்தார். பொதுவான ஒழுக்கம்தான் ஒரு சமூகத்தைச் சேர்த்துக் கட்டி வெச்சிருக்கு, அதைக் காப்பாத்திக்க சமூகத்துக்கு உரிமை உண்டுன்னார். சட்ட அறிஞர் ஹார்ட் அவருக்குப் பதில் எழுதினார். 1967-ல இங்கிலாந்து சட்டத்தை மாத்திடுச்சு. அவங்க நமக்கு 1860-ல கொடுத்துட்டுப் போன 377-வது பிரிவு, வயது வந்தவங்க சம்மதத்தோட வெச்சிருக்கிற உறவுக்குப் பொருந்தாதுன்னு நம்ம உச்ச நீதிமன்றம் சொல்ல 2018 செப்டம்பர் ஆச்சு.

மில் பக்கமே நின்னுடலாம்னு தோணும். ஆனா 1929-க்குப் போய்ப் பாருங்க. பெண் குழந்தைக்கு 14 வயசு ஆகாம கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு சாரதா சட்டம் வருது. எதிர்த்தவங்க என்ன சொன்னாங்க? "இது எங்க குடும்ப விஷயம், எங்க மத விஷயம், அரசாங்கத்துக்கு இங்க என்ன வேலை?" நாம இன்னைக்குப் பேசுற அதே வசனம். தீண்டாமையை ஒழிக்கிற அரசியலமைப்பின் 17-வது பிரிவை எடுத்துக்கோங்க. அதுவும் ஒழுக்கத்தைப் பத்தின சட்டம்தான். 'மனுஷனை மனுஷன் இப்படி நடத்துறது தப்பு'ன்னு, அன்னைக்கு ஊர்ல பாதிப் பேர் ஒத்துக்காதப்பவே சட்டம் சொல்லிடுச்சு.

அதனால 'ஒழுக்கத்துல சட்டம் தலையிடலாமா?'ங்கிறது அவ்வளவு சரியான கேள்வி இல்லைன்னு எனக்குத் தோணுது. தலையிடாத சட்டமே கிடையாது. சட்டம் கை நீட்டும்போது அந்தக் கை யாரைப் பிடிக்குதுன்னு கேட்டாத்தான் ஏதாவது புரியும். இதை மனசுல வெச்சுக்கிட்டு முதல் சட்டத்துக்கு வருவோம்.

ஒண்ணு: தேவதாசி ஒழிப்புச் சட்டம்

அபிராமபுரத்துல இருந்து கிரீன்வேஸ் ரோடு வழியா திரு.வி.க. பாலம் தாண்டினா அடையாறு. அங்க பெசன்ட் அவென்யூவுல ஔவை இல்லம் இருக்கு. ஸ்கூல் யூனிஃபார்ம்ல பசங்க போய் வர்ற இடம்னு தெரியும். அது ஏன் தொடங்கினதுன்னு நிறைய பேருக்குத் தெரியாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல புதுக்கோட்டையில பிறந்தவங்க. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபுல வந்தவங்க. 1912-ல சென்னை மருத்துவக் கல்லூரியில பட்டம். அப்புறம் சென்னை மாகாண சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அதோட துணைத் தலைவரும் ஆனாங்க. சின்னப் பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுற வழக்கத்தை நிறுத்தணும்னு 1927-ல தீர்மானம் கொண்டு வந்தாங்க.

எதிர்ப்பு ரெண்டு பக்கத்துல இருந்து வந்தது. ஒண்ணு நாம எதிர்பார்க்கிறதுதான். சத்தியமூர்த்தி மாதிரி பெரிய காங்கிரஸ் தலைவர்களே 'இது மரபு, இது கலை'ன்னு எதிர்த்தாங்க. இன்னொண்ணு அந்தப் பெண்கள் கிட்ட இருந்தே வந்தது. தேவதாசிகள் சங்கமா சேர்ந்து அரசாங்கத்துக்கு மனு கொடுத்தாங்க. எங்க எல்லாரையும் ஒரே வார்த்தையில விபச்சாரின்னு சொல்லாதீங்க, நாங்க பாட்டும் ஆட்டமும் படிச்சவங்க, எங்களுக்குச் சொத்துரிமை இருக்கு, எங்களைக் கேட்காம எங்களைப் பத்திச் சட்டம் போடாதீங்கங்கிறது அவங்க வாதம்.

அதுல முன்னால நின்னவங்கள்ல ஒருத்தர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாறுல தியாகராஜர் சமாதியைத் தன் சொந்தக் காசுல எழுப்பினவங்க. பெண்கள் பாட அனுமதி இல்லாத அந்த ஆராதனையில பாடற உரிமைக்காகப் போராடினவங்க. 1910-ல முத்துப்பழனிங்கிற பெண் கவிஞரோட பழைய தெலுங்குக் காவியம் 'ராதிகா சாந்த்வனம்' நூலைப் பதிப்பிச்சாங்க. ஆபாசம்னு சொல்லி பிரிட்டிஷ் அரசு அதைத் தடை பண்ணுச்சு. ஒழுக்கத்தைக் காப்பாத்துற சட்டம் தன் மேல எப்படி விழும்னு அவங்களுக்கு நேராவே தெரியும்.

இந்தப் பக்கம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவங்களும் அதே சமூகத்துல வளர்ந்தவங்கதான். அந்த முறையோட உள்ள இருந்த சுரண்டலைப் பார்த்துட்டு வெளிய வந்து, ஊர் ஊரா போய் அதை ஒழிக்கணும்னு பேசினாங்க. 1936-ல 'தாசிகள் மோசவலை'ன்னு நாவலே எழுதினாங்க.

ஒரே சமூகத்துப் பெண்கள், ரெண்டு பக்கம். யார் சரி? ரெண்டு பேருமே சரின்னுதான் நான் நினைக்கிறேன், ஏன்னா ரெண்டு பேரும் வேற வேற ஆளைப் பத்திப் பேசினாங்க. முத்துலட்சுமியும் மூவலூர் அம்மையாரும் பேசினது எட்டு வயசுக் குழந்தையைப் பத்தி. அந்தக் குழந்தையால 'வேண்டாம்'னு சொல்ல முடியாது. நாகரத்தினம்மாள் பேசினது ஐம்பது வயசு வித்வாம்சினியைப் பத்தி. அவங்களைக் காப்பாத்தச் சொல்லி யாரும் கேட்கலை.

இப்போ அந்தச் சட்டம் எப்படி வந்ததுன்னு பாருங்க, ரெண்டு துண்டா வந்தது.

முதல் துண்டு 1929-ல. இந்து அறநிலையச் சட்டத்துல ஒரு திருத்தம். தேவதாசிகளுக்குக் கோயில் மானிய நிலம் இருந்தது, ஆனா கோயில்ல சேவை பண்ணினாத்தான் அது கையில நிக்கும். சேவையை விட்டா நிலம் போயிடும். அந்தக் கட்டை அவுத்து விட்டாங்க: சேவை பண்ணாட்டியும் நிலம் உங்களுதுதான். யாரையும் அரெஸ்ட் பண்ணலை, யாரையும் திட்டலை. வெளிய வரணும்னு நினைச்சவங்களுக்குச் சோறு போடற நிலம் கூடவே வந்தது. எனக்குத் தெரிஞ்சு இந்த மாகாணம் போட்ட ரொம்ப புத்திசாலித்தனமான சட்டங்கள்ல இது ஒண்ணு. இதைப் பத்தி யாரும் பேசறதே இல்லை.

அடுத்த வருஷமே அந்தப் பெண்களுக்கு இன்னொண்ணும் தேவைன்னு தெரிஞ்சது. பொட்டுக் கட்டாம தப்பிச்சு வந்த பெண்களை ஹாஸ்டல்கள்ல சேர்த்துக்கலை. ஹாஸ்டல்காரங்களுக்கும் 'ஒழுக்கம்' இருந்ததே! முத்துலட்சுமி தன் வீட்டிலேயே அவங்களைச் சேர்த்துக்கிட்டாங்க. அப்படித் தொடங்கினதுதான் ஔவை இல்லம்.

ரெண்டாவது துண்டு 1947-ல. சென்னை தேவதாசிகள் (அர்ப்பணிப்புத் தடுப்பு) சட்டம். பொட்டுக் கட்டறது குற்றம். அப்படிக் கட்டப்பட்ட பெண் கல்யாணம் பண்ணிக்கிட்டா அந்தக் கல்யாணம் செல்லும். இது வரைக்கும் சரி. ஆனா அதே சட்டம் இன்னொரு அடியும் எடுத்து வெச்சது. கோயிலுக்குள்ளயோ சாமி ஊர்வலத்துலயோ ஒரு பெண் நடனம் ஆடறதே சட்டவிரோதம்னு சொல்லிடுச்சு. குழந்தையைக் கட்டிக் கொடுத்தவங்களைப் பிடிக்கப் போன கை, ஆடின பெண்ணோட காலையும் சேர்த்துப் பிடிச்சது.

அதே காலத்துல என்ன நடந்ததுன்னு டி.டி.கே. ரோடு பக்கம் போனா தெரியும். மியூசிக் அகாடமி 1931-லயே கல்யாணியோட மகள்களை மேடையேத்துச்சு. வக்கீல் ஈ. கிருஷ்ண ஐயர் இந்தக் கலையைக் காப்பாத்தணும்னு முத்துலட்சுமியோட பத்திரிகையில கடிதச் சண்டையே போட்டார். 1935 கடைசியில அடையாறுல ருக்மிணி தேவி மேடையேறினாங்க, 1936-ல கலாக்ஷேத்ரா தொடங்குச்சு. சதிர்னு சொன்னது பரதநாட்டியம் ஆச்சு. ஆட்டம் மரியாதையான குடும்பங்களுக்கு வந்து சேர்ந்தது. பரம்பரையா ஆடின குடும்பங்கள் ஒவ்வொண்ணா ஒதுங்கிட்டாங்க. பாலசரஸ்வதி மாதிரி ஒருத்தர் தாக்குப் பிடிச்சு 1973-ல சங்கீத கலாநிதியும், 1977-ல பத்ம விபூஷணும் வாங்கினாங்க. ஒரு பாலசரஸ்வதிக்கு எத்தனை பேர் பேரே தெரியாம போனாங்கன்னு நமக்குக் கணக்குக் கிடையாது.

ஒரே பிரச்சினை, ஒரே நோக்கம். 1929 திருத்தம் அந்தப் பெண்ணோட கையில ஒண்ணைக் கொடுத்தது. 1947 சட்டம் குழந்தையைக் காப்பாத்துச்சு, ஆனா பெரியவங்க கையில இருந்ததைப் பிடுங்கவும் செஞ்சது.

ரெண்டு: மதுவிலக்கு

1937 அக்டோபர் 1. ராஜாஜி அரசாங்கம் சேலம் மாவட்டத்துல மதுவிலக்கு கொண்டு வந்தது. நோக்கத்துல குறை சொல்ல முடியாது. கூலியைக் கள்ளுக்கடையில விட்டுட்டு வர்ற அப்பா, பட்டினி கிடக்கிற பிள்ளைங்க. இது உண்மையான தீங்கு. சாராய வருமானம் போன இடத்தை நிரப்ப 1939-ல விற்பனை வரி கொண்டு வந்தாங்க. இன்னைக்கு நாம கட்டற ஜி.எஸ்.டி.க்கு அது ஒரு கொள்ளுத்தாத்தா. 1948-ல மாகாணம் முழுக்க மதுவிலக்கு.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 1971-ல கலைஞர் அரசு தள்ளி வெச்சது, கொஞ்ச வருஷத்துல திரும்ப மூடுச்சு. 1981-ல எம்.ஜி.ஆர். அரசு திறந்துச்சு. 1983-ல டாஸ்மாக் பிறந்தது. 2003-ல ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையே டாஸ்மாக் கையில கொடுத்துடுச்சு. இதுல ஒரு வேடிக்கை சொல்றேன். டாஸ்மாக் கடை நடத்தற அதிகாரம் எந்தச் சட்டத்துல இருக்கு தெரியுமா? அதே 1937 மதுவிலக்குச் சட்டத்துலதான். குடியை ஒழிக்க எழுதின சட்டத்தைத் திருத்தித் திருத்தி, அரசாங்கமே விக்கிற உரிமையை அதுக்குள்ள எழுதிட்டாங்க.

ஏன் தோத்துச்சு? 'மனுஷனைத் திருத்த முடியாது'ன்னு சொல்லிட்டுப் போயிடலாம், ஆனா அது சோம்பேறிப் பதில். சட்டம் யாரைப் பிடிச்சதுன்னு பாருங்க. வசதி இருந்தவங்களுக்கு எப்பவும் ஒரு வழி இருந்தது. அன்னைக்கு பர்மிட், இன்னைக்கு கிளப்புக்கும் ஸ்டார் ஹோட்டலுக்கும் தனி லைசென்ஸ். மாட்டினது பானை வெச்சுக் காய்ச்சினவனும், பாட்டிலோட நடந்து போனவனும். இன்னைக்கும் கள் இறக்கினா கேஸ், ஏ.சி. பார்ல உட்கார்ந்து விஸ்கி குடிச்சா பில். ஒரே பழக்கம்தான், ஆனா ஆளைப் பொறுத்து ஒழுக்கம் மாறுது.

இங்க எனக்கு எதிரா ஒரு வாதம் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா நியாயம் இல்லை. "மதுவிலக்கு இருந்தா கள்ளச்சாராயம் வரும்"னு நம்மள மாதிரி ஆளுங்க ஈஸியா சொல்லிடுவோம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. அப்போ டாஸ்மாக் திறந்துதான் இருந்தது. கடை திறந்திருந்தும் அதுல வாங்கக் காசு இல்லாதவங்க விஷத்தைக் குடிச்சாங்க. அதுக்கப்புறம் தண்டனையை ஆயுள் சிறை வரைக்கும் ஏத்தி அதே 1937 சட்டத்தைத் திருத்தினாங்க. காய்ச்சி விக்கிறவனைப் பிடிக்கிறது சரிதான். ஆனா அந்தத் தெருவுல குடிக்கிறவங்க ஏன் அங்க போனாங்கங்கிறதுக்கு அந்தத் திருத்தத்துல பதில் இல்லை.

அதே மாதிரி, டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி ரோட்டுல உட்கார்ற பெண்களை நாம மாரல் போலீஸ்னு சொல்லிட முடியாது. அவங்களுக்கு அது ஒழுக்கப் பிரச்சினை இல்லை, ராத்திரி பத்து மணிப் பிரச்சினை. ஆனா அவங்களுக்கு உதவற சட்டம் எதுன்னு பார்த்தா, 2005-ல வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அது பாட்டிலைப் பிடிக்கலை, அடிக்கிற கையைப் பிடிக்குது. வீட்டை விட்டு அவங்களைத் துரத்த முடியாதுன்னு அவங்களுக்கு ஒரு கூரையையும் கொடுக்குது. அந்தச் சட்டம் சரியா நடக்குதா, ஸ்டேஷன்ல மதிக்கிறாங்களாங்கிறது தனி எபிசோடுக்கான விஷயம்.

மூணு: மாலை மாத்தினா போதும்

1920-களோட கடைசியில இருந்து பெரியார் இயக்கத்துக்காரங்க ஐயர் இல்லாம, மந்திரம் இல்லாம சுயமரியாதைத் திருமணம் பண்ணிட்டு வந்தாங்க. ஆயிரக்கணக்கான குடும்பங்கள். 1953-ல சென்னை உயர் நீதிமன்றத்துல ஒரு வழக்கு வந்தப்போ, சடங்கு இல்லாத அந்த மாதிரிக் கல்யாணம் இந்து சட்டப்படி செல்லாதுன்னு தீர்ப்பு வந்தது. ஒரே தீர்ப்புல அத்தனை மனைவிகளோட, பிள்ளைகளோட நிலைமையும் கேள்விக்குறி ஆயிடுச்சு.

1967-ல ஆட்சிக்கு வந்த அண்ணா அரசு, இந்து திருமணச் சட்டத்துல 7-ஏன்னு ஒரு பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைச்சது. சொந்தக்காரங்களோ நண்பர்களோ முன்னாடி இருக்க, ஒருத்தரை ஒருத்தர் துணையா ஏத்துக்கிறோம்னு புரியற மொழியில சொன்னாப் போதும். இல்லை, மாலை மாத்தினாப் போதும். இல்லை, மோதிரம் போட்டாப் போதும். இல்லை, தாலி கட்டினாப் போதும். முன்னாடி நடந்த கல்யாணங்களும் செல்லும்.

அன்னைக்கு இது சின்ன விஷயம் இல்லை. கல்யாணத்துக்கு அக்னி வேணுமா, ஐயர் வேணுமாங்கிறது ஊரைப் பிளக்கிற கேள்வி. ஆனா இந்தச் சட்டத்துல ஒரு அழகு இருக்கு. ஐயரை வெச்சுக் கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு அது சொல்லலை. அண்ணாவோட கட்சி நினைச்சிருந்தா சொல்லியிருக்கலாம், அசெம்பிளியில மெஜாரிட்டி இருந்தது. சொல்லலை. மயிலாப்பூர்ல அக்னி வளர்த்துக் கட்டின தாலிக்கும், மன்றத்துல மாலை மாத்தினதுக்கும் சட்டத்துல ஒரே மதிப்பு. ஒருத்தருக்குக் கதவைத் திறந்தாங்க, இன்னொருத்தருக்கு மூடலை. அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இந்தச் சட்டத்தை எடுக்கச் சொல்லி இன்னைக்கு யாரும் ஊர்வலம் போறதில்லை.

அது இன்னும் வேலை செஞ்சுட்டுத்தான் இருக்கு. வக்கீல் ஆபீஸ்ல ரகசியமா பண்ணிக்கிற கல்யாணம் செல்லாதுன்னு உயர் நீதிமன்றம் ஒருமுறை சொல்லியிருந்தது. 2023 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் அதை மாத்தி, 7-ஏ பிரிவுக்கு ஊர் கூட்டி அறிவிக்கணும்னு அவசியம் இல்லைன்னு சொல்லிடுச்சு. ஊருக்குத் தெரிஞ்சா உயிருக்கே ஆபத்துங்கிற ஜோடிக்கு அந்த ஒரு வரி எவ்ளோ பெரிசுன்னு யோசிச்சுப் பாருங்க.

அப்போ உத்தராகண்ட்?

இப்போ தோழியோட மெசேஜுக்கு வருவோம். உத்தராகண்ட் பொது சிவில் சட்டம் 2024-ல நிறைவேறி, 2025 ஜனவரி 27 முதல் அமலுக்கு வந்தது. கல்யாணம் ஆகாம சேர்ந்து வாழறவங்க ஒரு மாசத்துக்குள்ள பதிவு பண்ணணும். பண்ணலைன்னா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம். விவரம் லோக்கல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். ஒருத்தருக்கு 21 வயசு ஆகலைன்னா அப்பா அம்மாவுக்குத் தகவல் போகும்.

அந்தச் சட்டத்துல நல்ல பகுதியும் இருக்கு, அதைச் சொல்லணும். அந்த உறவுல பிறக்கிற குழந்தைக்கு முழு அங்கீகாரம். விட்டுட்டுப் போனா அந்தப் பெண் ஜீவனாம்சம் கேட்கலாம். 'பெண்களைப் பாதுகாக்கத்தான் பதிவு கேட்கிறோம்'னு அவங்க சொல்றதை நான் பொய்னு சொல்லலை.

ஆனா நம்ம கேள்வியைக் கேட்டுப் பாருங்க. சட்டம் யாரோட கையைப் பிடிக்குது? ஏமாத்தினவனை மட்டும் பிடிக்கலை. ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தாலும், ஃபார்ம் போடலைன்னா ரெண்டு பேரையும் பிடிக்குது. காப்பாத்தறோம்னு சொன்ன அந்தப் பெண்ணையும் சேர்த்துத்தான். 1947-ல ஆடின காலைப் பிடிச்ச மாதிரியே.

பதிவு இல்லாமலே பாதுகாப்புக் கொடுக்க முடியுமா? முடியும், நம்ம ஊர்லயே நடந்திருக்கு. கோயம்புத்தூர்ல இருந்து போன ஒரு வழக்குலதான் 2010-ல உச்ச நீதிமன்றம், கல்யாணம் மாதிரியான உறவுன்னா என்ன, அதுல குடும்ப வன்முறைச் சட்டம் எப்போ பொருந்தும்னு விளக்கிச்சு. அந்த அளவுகோல்ல குறை இருக்கலாம், எல்லாருக்கும் பொருந்தாம போகலாம். ஆனா பிரச்சினை வந்த பிறகு அந்தப் பெண் கோர்ட்டுக்குப் போகலாம். பிரச்சினை வர்றதுக்கு முன்னாடி ஸ்டேஷனுக்குப் போகத் தேவையில்லை. 2019-ல கல்யாணம் ஆகாத ஜோடி தங்கினாங்கன்னு கோயம்புத்தூர்ல ஒரு விடுதிக்குச் சீல் வெச்சப்போ, சேர்ந்து தங்கறது எந்தச் சட்டப்படியும் குற்றம் இல்லைன்னு சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, சீலை எடுக்கச் சொன்னது. 2005-ல ஒரு பேட்டிக்காக குஷ்பு மேல 23 கேஸ் போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? 2010-ல எல்லாத்தையும் உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. ஊருக்குப் பிடிக்காத கருத்து வேற, குற்றம் வேற.

சட்டம் வேணும்னு நான் கேட்கிற இடம்

இதைக் கேட்டுட்டு 'அப்போ சட்டமே வேண்டாம்கிறான்'னு நினைச்சுடாதீங்க. ஒரு விஷயத்துல எனக்குச் சட்டம் வேணும், சீக்கிரமா வேணும்.

2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட். பட்டப்பகல்ல, கேமரா முன்னாடி, சாதி மாறிக் கல்யாணம் பண்ணினதுக்காக சங்கரை வெட்டிக் கொன்னாங்க. வெட்டுப்பட்டு உயிர் பிழைச்ச கௌசல்யா, ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டுப் பேசிட்டே இருக்காங்க. 2025 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில இதுக்காக ஒரு ஆணையத்தை அறிவிச்சது.

இதுவும் ஊரைப் பிளக்கிற விஷயம்தான். 'எங்க சாதி, எங்க குடும்ப மானம், அரசாங்கத்துக்கு என்ன?'ன்னு கேட்கிறவங்க இங்கயும் இருக்காங்க. அவங்களுக்கு அதுதான் ஒழுக்கம். ஆனா இந்தச் சட்டம் சரியா எழுதப்பட்டா அது பிடிக்கப் போறது கொலைகாரன் கையை, மிரட்டற மாமா கையை, ஜோடியைத் திரும்ப வீட்டுக்கே அனுப்பி வைக்கிற அதிகாரி கையை. ஜோடியோட கையைப் பிடிக்காது. 1929 திருத்தம் மாதிரி அதோட ஒரு நிலமும் சேர்ந்து வரணும். அதாவது தங்க ஒரு பாதுகாப்பு இல்லம், கூப்பிட்டா எடுக்கிற போன் நம்பர், உடனே பதிவாகிற கல்யாணம்.

யோசிச்சுப் பாருங்க. உத்தராகண்ட் மாதிரிச் சட்டம் இங்க வந்தா, ஜோடியோட விலாசம் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் போகும். ஆணவக் கொலைச் சட்டம் வந்தா, அந்த விலாசத்தைத் தேடி வர்றவனை ஸ்டேஷன் தடுக்கணும். ரெண்டுமே 'ஒழுக்கத்துக்கான சட்டம்'தான். ஆனா அந்த ஜோடிக்கு அது ரெண்டும் ஒண்ணா?

அதனால அடுத்த தடவை டி.வி.யில 'பண்பாட்டைக் காக்கப் புதிய சட்டம்'னு ஸ்க்ரோல் ஓடினா, ஆதரவா எதிர்ப்பான்னு உடனே முடிவு பண்ணாதீங்க. மூணு விஷயம் கேளுங்க. இதுல 'வேண்டாம்'னு சொல்ல முடியாத நிலைமையில யாராவது இருக்காங்களா? இந்தச் சட்டத்துல முதல் எஃப்.ஐ.ஆர். யார் மேல விழும்? காப்பாத்தறோம்னு சொல்ற ஆளோட கையில கடைசியில என்ன இருக்கும்?

அந்த ரெண்டு பேருக்கும் வீடு கிடைச்சுது. மந்தைவெளிப் பக்கம், ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஓனர் தாத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "மோட்டார் போட்டா ஞாபகமா ஆஃப் பண்ணுவீங்களா?"

உங்களுக்கு இதுல மாற்றுக் கருத்து இருந்தா, முக்கியமா மதுவிலக்கு விஷயத்துல, எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பேசுவோம்.